‘கிளான்ஸ்’ தகராறு செய்தால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

‘ஐ ஹாவ் கிளான்ஸ்டு யுவர் டாக்குமெண்ட்.’ ‘உங்கள் ஆவணத்தைப் பார்த்துவிட்டேன்’ என்று சொல்ல வந்த வாக்கியம். எழுதியவர் தருமபுரிப் பக்கத்திலிருந்து பெங்களூரு வந்து, ஒயிட்ஃபீல்டில் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதமான தம்பி. ஐந்தே சொற்கள், இரண்டு பழுதுகள். ஒன்றை அவருடைய கணினியே கோடு போட்டுக் காட்டிவிட்டது. மற்றொன்றை எந்தக் கணினியும் காட்டாது. மேலாளரின் முகத்தில்தான் அது தெரியும்.

தொழில்நுட்பக் கையேடுகளை எழுதுவதும் திருத்துவதும் என் வேலை. சாப்பாட்டு இடைவேளையில் இப்படிப்பட்ட வாக்கியங்கள் என் மேசைக்கு வந்து சேரும். “அக்கா, இதில் என்ன தவறு?” என்று கேட்பவர்களில் பாதிப் பேருக்கு விடை இலக்கணத்தில் இல்லை. தமிழில் ஒழுங்காக ஓடுகிற ஒரு நினைப்பை அப்படியே ஆங்கிலத்தில் மாட்டுகிறார்கள், மரை சேரவில்லை. இலக்கணப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படிக்க யாருக்கும் பொழுதில்லை என்பதால், மிக்சி பழுதுபார்ப்பவர் கேட்பது போலவே நானும் கேட்கிறேன்: என்ன சத்தம் வருகிறது? உங்களுக்கு எது தகராறோ அந்த இடத்துக்கு நேராகப் போய்க்கொள்ளுங்கள்.

அறிகுறி: ‘கிளான்ஸ்டு’ என்று எழுதியதும் கோடு விழுகிறது

காரணம் நம் இரண்டாம் வேற்றுமை. அறிக்கையைப் பார்த்தேன், கடிகாரத்தைப் பார்த்தேன், அவரைப் பார்த்தேன் என்று எதற்கும் ஓர் ‘ஐ’ போட்டுப் பார்வையைப் பொருளோடு ஒட்டிவிடுவது நம் வழக்கம். ஆங்கிலத்தில் ‘சீ’யும் ‘வாட்ச்’சும் அப்படி ஒட்டும். ‘லுக்’கும் ‘கிளான்ஸ்’சும் ஒட்டாது, நடுவில் ‘அட்’ வேண்டும். ‘ஐ கிளான்ஸ்டு அட் யுவர் டாக்குமெண்ட்’ என்றால் கோடு மறைந்துவிடும்.

சந்தேகம் வந்தால் அந்த இடத்தில் ‘லுக்’கை வைத்துப் பாருங்கள். ‘ஐ லுக்டு யுவர் டாக்குமெண்ட்’ என்று எழுத யாருக்கும் கை வராது. ‘லுக்’ எங்கே ‘அட்’ கேட்கிறதோ அங்கே ‘கிளான்ஸு’ம் கேட்கும்.

‘அட்’ மட்டும்தானா என்றால் இல்லை. பல பக்கங்களைப் புரட்டிப் பார்த்தால் ‘த்ரூ’. ஒரே பக்கத்தின் மேல் கண்ணை ஓட்டினால் ‘ஓவர்’. குனிந்து வேலை செய்துகொண்டிருப்பவர் அரவம் கேட்டுத் தலையை உயர்த்தினால் ‘அப்’. அதற்கு நம்மிடம் ‘ஏறிட்டுப் பார்த்தார்’ என்று அழகான தொடரே இருக்கிறது. திரும்பிப் பார்த்தால் ‘பேக்’, சுற்றுமுற்றும் பார்த்தால் ‘அரவுண்ட்’. இவற்றில் ஒரு சிறு கண்ணி உண்டு. ஏறிட்டுப் பார்த்தார் என்பதோடு நின்றால் ‘கிளான்ஸ்டு அப்’ போதும். என்னை ஏறிட்டுப் பார்த்தார் என்றால் ‘அப்’ வந்த பிறகும் ‘அட்’ விலகுவதில்லை: ‘கிளான்ஸ்டு அப் அட் மீ’. இரண்டு இடைச்சொற்கள் அடுத்தடுத்து நிற்பதைப் பார்த்து ஒன்றை வெட்டிவிடுகிறவர்கள் அதிகம். வெட்டாதீர்கள்.

அறிகுறி: ‘முழுதும் படித்தேன், படிக்கவில்லை என்கிறார்கள்’

தம்பியின் இரண்டாவது பழுது இதுதான். ‘அட்’ போட்டுத் திருத்திய பிறகும் மேலாளர் முகம் மாறவில்லை. நாற்பது பக்கத்தை இரவு உட்கார்ந்து படித்தவர், காலையில் ‘கிளான்ஸ்டு’, அதாவது மேலோட்டமாக ஒரு பார்வை பார்த்தேன், என்று எழுதிவிட்டார்.

இதில் நானும் அடிபட்டவள்தான். வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டில், ஒரு கருவியைப் பொருத்தும் கையேடு திருத்தத்துக்கு வந்தது. வரி வரியாக இரண்டு முறை படித்தேன். பார்த்தாயிற்றா என்று கேட்டு அஞ்சல் வந்தபோது, ‘யெஸ், ஐ கிளான்ஸ்டு த்ரூ இட்’ என்று பதில் அனுப்பினேன். ‘ஆயிற்று, பார்த்துவிட்டேன்’ என்பதுதான் என் மனத்தில் இருந்த தமிழ். நான் அனுப்பிய பிறகு வேறு யாரோ ஓர் அட்டவணையை மாற்றியிருக்கிறார்கள். 50 என்று இருக்க வேண்டிய இடத்தில் 15 ஏறிவிட்டது. அச்சான பிறகுதான் தெரிந்தது. விசாரணை என்று பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. கூட்டத்தில் என் பழைய அஞ்சலைத் திரையில் போட்டார்கள், அவ்வளவுதான். “இவரே மேலோட்டமாகப் பார்த்தேன் என்று எழுதியிருக்கிறாரே.” இரண்டு முறை படித்த உழைப்பு முழுவதையும் ஒரு வினைச்சொல் அழித்துவிட்டது. அடித்துப் பேச வாய் வரவில்லை, ஏனென்றால் எழுத்தில் இருந்தது என் சொல்.

எங்கே வழுக்கியது என்பது, ‘பார்த்துவிட்டேன்’ என்பதைக் கழற்றிப் பார்த்தால் விளங்கும். ‘பார்’ என்பது வேலை. ‘விடு’ என்பது அந்த வேலை முடிந்தது என்று குத்தும் முத்திரை. ‘ஒரு பார்வை பார்த்துவிட்டேன்’ என்று சொல்லும்போது, நெடுநேரம் எடுக்கவில்லை என்பதும் பார்க்க வேண்டியதைப் பார்த்தாயிற்று என்பதும் ஒரே மூச்சில் வந்துவிடுகின்றன. ‘கிளான்ஸ்’ முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொள்கிறது. முடிந்தது என்ற முத்திரைக்கு அதில் இடமே இல்லை. எவ்வளவு பார்த்தோம் என்பதைவிட, எவ்வளவு பார்க்கவில்லை என்பதைத்தான் அது அறிவிக்கிறது.

ஆகவே பதில் எழுதுமுன் உண்மையில் என்ன செய்தீர்கள் என்று பாருங்கள். படித்திருந்தால் ‘ரெட்’ என்றே எழுதுங்கள். ஆங்கிலத்தில் நான்கெழுத்தில் முடிகிற நேர்மையான சொல். தொடக்கம் முதல் இறுதி வரை போய்வந்திருந்தால் ‘வென்ட் த்ரூ’.  எண்களையும் பெயர்களையும் ஒத்துப் பார்த்திருந்தால் ‘செக்டு’. சாரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மேலாக ஓடியிருந்தால் ‘ஸ்கிம்டு’. பாலிலிருந்து ஆடையை எடுப்பதற்கும் இதே சொல்தான், அதை நினைவில் வைத்துக்கொண்டால் பொருள் மறக்காது.

‘ஸ்கேன்’ மட்டும் இருமுகச் சொல். ஒவ்வோர் அங்குலமாகத் துருவுவதையும் குறிக்கும், செய்தித்தாளில் கண்ணை ஓடவிடுவதையும் குறிக்கும். எழுத்தில் தவிர்த்துவிடுவது நல்லது. ‘ஃபார் யுவர் கைண்ட் பெரூசல்’ என்று கடிதத்தின் தலையில் ஒட்டுகிறோமே, அந்தப் ‘பெரூஸ்’ பழைய வழக்கில் கவனமாகப் படிப்பதைத்தான் குறித்தது. இப்போது சிலர் புரட்டிப் பார்ப்பதற்கும் அதைப் பயன்படுத்துகிறார்கள். ‘கைண்ட்’ என்ற ஒட்டு எதற்கு என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. படிப்பதில் என்ன கருணை?

அப்படியானால் அலுவலகத்தில் ‘கிளான்ஸ்’ எதற்குத்தான் உதவும்? ஒப்புக்கொள்வதற்கு. ‘ஐ ஹாவ் ஒன்லி கிளான்ஸ்டு அட் இட், வில் ரீட் இட் பை ஈவினிங்.’ இப்போதைக்குக் கண்ணில் பட்டது அவ்வளவே, மாலைக்குள் படிக்கிறேன் என்று பொருள். அந்த ‘ஒன்லி’யைக் கவனியுங்கள். படிக்காததைப் படித்ததாகக் காட்டாமல் நாலு மணி நேரம் வாங்கித் தரும் வாக்கியம் இது. தம்பிக்கு இதைத்தான் எழுதிக் கொடுத்தேன். அவர் உண்மையிலேயே படித்திருந்ததால், அந்த முறை அது பயன்படவில்லை.

அறிகுறி: பார்த்துத் தரச் சொன்னது இரண்டே நிமிடத்தில் ‘ஓகே’ என்று திரும்பி வருகிறது

இது அதே பழுதின் மறுபுறம். மூத்தவரிடம் வேலை சொல்லக் கூச்சப்பட்டு, ‘குட் யூ கிளான்ஸ் ஓவர் திஸ்’ என்று பணிவாகக் கேட்கிறோம். ‘கொஞ்சம் பார்த்துக் கொடுங்கள் சார்’ என்பதில் வருகிற ‘கொஞ்சம்’ மரியாதைக்காக வருவது. அவர் முழுதாகப் பார்ப்பார் என்று நமக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஆங்கிலத்தில் அந்தக் ‘கொஞ்சம்’ சொன்னது சொன்னபடி எடுத்துக்கொள்ளப்படும். கண்ணை ஓட்டச் சொன்னீர்கள், ஓட்டினார், அனுப்பிவிட்டார். அவர்மேல் வருத்தப்பட ஒன்றுமில்லை.

பணிவை ‘ப்ளீஸி’ல் வையுங்கள். வேலையைத் தெளிவாகச் சொல்லுங்கள்: நான்காம் பக்கத்து எண்களைச் சரிபாருங்கள், மூன்றாம் பத்தி புரிகிறதா என்று சொல்லுங்கள்.

அறிகுறி: ‘கிளான்ஸ்’ எது, ‘கிளிம்ப்ஸ்’ எது என்று ஒவ்வொரு முறையும் குழம்புகிறது

அகராதியைத் திறந்தால் இரண்டுக்கும் ‘கணநேரப் பார்வை’ என்ற மாதிரியே ஏதோ போட்டிருக்கும். குழப்பம் தீராது. பெங்களூரு அல்சூர் ஏரிக்கரைக்குப் போனால் தீரும்.

ஏரிக்கு அருகே இருக்கும் திருவள்ளுவர் சிலை 1991 முதல் 18 ஆண்டுகள் மூடியே கிடந்தது. 2009 ஆகஸ்ட் 9 அன்றுதான் திறந்தார்கள்.  மூடியிருந்த அந்த ஆண்டுகளில் அந்த வழியாகப் போன தமிழர்கள் அந்தப் பக்கம் ஒரு பார்வையை வீசாமல் போயிருக்க மாட்டார்கள். கண் போனது, திரும்பியது, கிடைத்தது வெறும் மூட்டை. அதுதான் ‘கிளான்ஸ்’. வள்ளுவர் தெரிந்தாரா இல்லையா என்பது அந்தச் சொல்லின் கணக்கிலேயே வராது. இன்று அதே வழியில் ஆட்டோவில் போகிறீர்கள். எதையும் தேடவில்லை, மரங்களுக்கும் லாரிக்கும் நடுவே கண நேரம் வள்ளுவரின் தாடி தெரிந்து மறைகிறது. அது ‘கிளிம்ப்ஸ்’.

ஒன்று கண் செய்த வேலை. மற்றது கண்ணுக்குக் கிடைத்த வரவு. தமிழில் ‘பார்த்தேன்’ என்பதற்கும் ‘கண்டேன்’ என்பதற்கும் முன்பு இருந்த வேறுபாட்டுக்கு இது மிக நெருக்கம். பார்த்தும் காணாமல் இருக்கலாம். ‘பார்த்தேன், காணவில்லை’ என்று சாவி தொலைத்தவர் இன்றும் சொல்கிறார்.

இந்த வேறுபாடு பிடிபட்டால் துணைச்சொற்கள் தாமாக வந்துவிடும். வரவு என்பதால் ‘கிளிம்ப்ஸை’ப் பிடிக்கலாம், பெறலாம்: ‘காட் எ கிளிம்ப்ஸ் ஆஃப்’. வேலை என்பதால் ‘கிளான்ஸை’ வீசலாம், எறியலாம், திருடலாம், ஒருவரோடொருவர் பரிமாறிக்கொள்ளலாம். ‘காட் எ கிளான்ஸ் ஆஃப்’ என்று பிடிக்க முயன்றால் காதில் உறுத்தும். மற்றொன்று: வரவு நேராகப் பொருளைத் தொடுவதால் ‘கிளிம்ப்ஸ்’ வினையாக வரும்போது ‘அட்’ கேட்பதில்லை. ‘ஐ கிளிம்ப்ஸ்டு ஹிம்’ சரி. ‘ஐ கிளான்ஸ்டு ஹிம்’ பிழை. முதல் அறிகுறியோடு வந்தவர்கள் பலர் இந்த இரண்டையும் மாற்றிப் போட்டவர்கள்தாம்.

அறிகுறி: பாராட்டி எழுதினேன், ‘ஆனால்?’ என்று கேட்கிறார்கள்

‘அட் ஃபர்ஸ்ட் கிளான்ஸ், தி டிசைன் இஸ் குட்.’ பார்த்த மாத்திரத்திலேயே பிடித்துவிட்டது என்று மனமாரப் பாராட்டியிருக்கிறார் எழுதியவர். வாசித்தவரோ அடுத்த வரியில் வரப்போகும் அடிக்காகக் காத்திருக்கிறார். இந்தத் தொடர் பெரும்பாலும் ஏமாற்றத்துக்கு முன்னால் வரும் கட்டியக்காரன். ‘மேலெழுந்தவாரியாகப் பார்த்தால் நன்றாகத்தான் இருக்கிறது’ என்று தமிழில் ஒருவர் இழுத்தால், அடுத்து என்ன வரும் என்று நமக்குத் தெரியாதா? அதே இழுவை இதிலும் இருக்கிறது. பாராட்டத்தான் வேண்டுமென்றால் ‘ஐ லைக்டு இட் ரைட் அவே’ என்று எழுதிவிட்டுப் போங்கள்.

‘ஃபர்ஸ்ட்’ என்ற ஒரே சொல்லை எடுத்துவிட்டால் குணமே மாறிவிடுகிறது. ‘அட் எ கிளான்ஸ்’ என்பதில் குறை ஏதும் இல்லை. ஒரே பார்வையில் எல்லாம் விளங்கிவிடும்படி இருக்கிறது என்ற பெருமைதான். சுற்றுலாத் துண்டறிக்கையில் ‘பெங்களூரு அட் எ கிளான்ஸ்’ என்று தலைப்புப் போட்டு, மக்கள்தொகை, வெப்பநிலை, கடல் மட்டத்திலிருந்து உயரம் என்று கட்டம் கட்டியிருப்பார்கள். மேலோட்டம் என்று இதைத் தமிழாக்கிவிடாதீர்கள். ‘ஒரு பார்வையில் பெங்களூரு’ என்பதே சரி.

அறிகுறி: விளையாட்டுப் பக்கத்தில் இந்தச் சொல் வருகிறது, ‘பார்’ என்று பொருள் கொண்டால் பொருந்தவில்லை

பொருந்தாது. சொல்லின் மூத்த பொருள் அங்கேதான் உயிரோடு இருக்கிறது.

15ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் ‘கிளான்ஸ்’ என்பது ஆயுதத்தின் வினை. வாளோ அம்போ நேராகத் தைக்காமல் சாய்வாகப் பட்டு வழுக்கிப் போவதை அது குறித்தது. வழுக்குதலைக் குறிக்கும் பழைய பிரெஞ்சுச் சொல்லொன்று அதற்கு மூதாதை. பனிக்கட்டிக்கான பிரெஞ்சுச் சொல்லும் அந்தக் குடும்பமே. கண்ணுக்கு இந்தச் சொல் வந்தது 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான். அம்பு பட்டு நழுவுவது போல் கண்ணும் பட்டு நழுவுகிறது. இன்றும் தோட்டா கவசத்தில் பட்டுத் திசைமாறினால் ‘கிளான்ஸ்டு ஆஃப்’ என்பார்கள். உரசிச் செல்லும் அடிக்குக் ‘கிளான்சிங் ப்ளோ’ என்று பெயர்.

கிரிக்கெட்டில் ‘லெக் கிளான்ஸ்’. கால் பக்கமாக வரும் பந்தை ஓங்கி அடிப்பதில்லை. மட்டையின் முகத்தைக் கடைசி நேரத்தில் சற்றே திருப்பி வைக்கிறார்கள்; பந்து தன் வேகத்திலேயே அதில் உரசி, விக்கெட் காப்பாளருக்குப் பின்னால் ஃபைன் லெக் பக்கம் ஓடுகிறது. இந்த அடிக்குப் புகழ் சேர்த்தவர் 1896இல் மான்செஸ்டரில் இங்கிலாந்துக்காக முதல் டெஸ்ட் ஆடி, ஆட்டமிழக்காமல் 154 ஓட்டங்கள் எடுத்த ரஞ்சித்சிங்ஜி. ரஞ்சிக் கோப்பை அவர் பெயரில்தான் நடக்கிறது. சின்னசாமி அரங்கில் அடுத்த முறை ஆட்டம் பார்க்கும்போது மட்டையும் பந்தும் தொட்டுக்கொள்ளும் அந்தக் கணத்தைக் கவனியுங்கள். மட்டை பந்தை நிறுத்துவதில்லை, தொட்டு அனுப்பிவிடுகிறது.

இங்கே ஓர் ஆச்சரியம். கிரிக்கெட்டில் ‘அட்’ தேவையில்லை. ‘ஹி கிளான்ஸ்டு தி பால்’ சரியான வாக்கியம், ஏனென்றால் மட்டை பந்தை உண்மையிலேயே தொடுகிறது. ‘ஐ கிளான்ஸ்டு யுவர் டாக்குமெண்ட்’ என்று தம்பி எழுதியதைக் கிரிக்கெட் தெரிந்தவர் படித்தால், நாற்பது பக்க ஆவணத்தை அவர் மட்டையைத் திருப்பி ஃபைன் லெக் பக்கம் தள்ளிவிட்ட காட்சிதான் வரும். இதைச் சொன்ன பிறகு அவர் ‘அட்’டை மறந்ததே இல்லை.

(பன்னிரண்டாம் வகுப்பு வேதியியலில் தாதுக்களின் பட்டியலில் ‘காப்பர் கிளான்ஸ்’ என்று மனப்பாடம் செய்திருப்பீர்கள். அது வேறு வீட்டுப் பிள்ளை. பளபளப்பைக் குறிக்கும் ஜெர்மானியச் சொல்லிலிருந்து வந்தது. பார்வையோடும் வழுக்கலோடும் அதைச் சேர்க்க வேண்டாம்.)

அறிகுறி: புகார் எழுதினால் வலுவில்லை என்கிறார்கள்

இதை வேடிக்கையாக எழுத முடியாது. ஒரு பெண் தன் அலுவலகத்தில் ஒருவர் நாள்தோறும் நடந்துகொண்ட விதத்தைப் பற்றிப் புகார் எழுதி, அனுப்புமுன் மொழியை மட்டும் பார்த்துத் தரச் சொல்லி என்னிடம் கொண்டுவந்தார். ‘ஹி ஆல்வேஸ் கிளான்ஸஸ் அட் மீ’ என்று இருந்தது. எப்படிப் பார்ப்பார் என்று தமிழில் கேட்டேன். “வெறித்துப் பார்ப்பார். நான் நிமிர்ந்தாலும் கண்ணை எடுக்க மாட்டார்.” கண்ணை எடுக்காத பார்வை ‘கிளான்ஸ்’ ஆகவே ஆகாது; கண்ணை எடுத்துவிடுவதுதானே அந்தச் சொல்லின் உயிர். அவர் எழுதியதைப் படிப்பவர், ‘எப்போதாவது ஒரு பார்வை பார்த்தாராம், அதற்கா புகார்?’ என்று நினைத்திருப்பார்.

வெறித்தலுக்கு ‘ஸ்டேர்’. கோபத்தோடு முறைத்தால் ‘கிளேர்’. இச்சையோடு பார்த்தால் ‘லியர்’. நேராகப் பார்க்காமல் திரும்பத் திரும்ப நோட்டமிட்டுக்கொண்டே இருந்தால் ‘கெப்ட் கிளான்சிங்’ என்று எழுதலாம். அங்கே ‘கெப்ட்’தான் கனம். சொல் எதுவானாலும், எத்தனை நிமிடம், எந்த நாள், எந்த இடம் என்று பக்கத்திலேயே எழுதுங்கள். பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடங்களில் உள்ளகக் குழு இருக்க வேண்டும். புகார் எழுத்தில் போக வேண்டும், சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள். எழுத்தில் போவதால்தான் வினைச்சொல்லில் இத்தனை கவனம் வேண்டியிருக்கிறது.

அறிகுறி: நான் சொன்னால் அவர்களுக்குப் புரியவில்லை, அவர்கள் சொன்னால் எனக்கு

உச்சரிப்பில் வரும் சிறிய பழுது. பிரிட்டிஷ் வழக்கில் பெரும்பாலும் ‘கிளான்ஸ்’. அமெரிக்கர் வாயில் அது ‘கிளேன்ஸ்’ போல ஒலிக்கும். வாடிக்கையாளர் எந்த நாடு என்று பார்த்துக் காதைத் திருப்பிக்கொள்ளுங்கள். நம் பக்கத்துக் குறை இரண்டு. மெய்யில் சொல்லைத் தொடங்க நம் நாக்கு ஒப்பாததால் முன்னால் ஒரு முழு ‘கி’ விழுகிறது. அதை எவ்வளவு குறுக்க முடியுமோ அவ்வளவு குறுக்குங்கள். இறந்தகாலத்தில் ‘கிளான்செட்’ என்று மூன்றாவது அசையைச் சேர்க்காதீர்கள். கடைசியில் வருவது வெறும் ‘ட்’.

அறிகுறி: காலத்தோடு சேர்த்தால் வாக்கியம் கோணுகிறது

‘காலையிலிருந்து உங்கள் அஞ்சலைக் கிளான்ஸ் செய்துகொண்டிருக்கிறேன்.’ மின்னலை இரண்டு மணி நேரம் அடிக்க வைக்க முடியுமா? நீண்ட நேரம் வரும் இடத்தில் ‘ரீடிங்’ என்றோ ‘லுக்கிங் அட்’ என்றோ மாற்றிக்கொள்ளுங்கள். ‘குவிக் கிளான்ஸ்’ என்பதைக் கூறியது கூறல் என்று அடிக்கும் திருத்துநர்கள் இருக்கிறார்கள். ஆங்கிலேயரே அப்படித்தான் சொல்கிறார்கள், நான் விட்டுவிடுவேன்.

அறிகுறி: தமிழில் நினைத்த பார்வைக்கு ஆங்கிலத்தில் எதைப் போடுவது என்று தெரியவில்லை

‘எட்டிப் பார்’ என்பதில்தான் அதிகம் பேர் விழுகிறார்கள். சுவருக்கு மேல், கதவிடுக்கில் எட்டிப் பார்த்தால் ‘பீக்’. துளை வழியாக என்றால் ‘பீப்’. ‘ஞாயிற்றுக்கிழமை வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கிறேன்’ என்பதை அதே சொல்லால் எழுதி, நண்பரின் மனைவியைத் திடுக்கிட வைத்தவர் ஒருவர் உண்டு. அங்கே வேண்டியது ‘ட்ராப் இன்’. மங்கலான எழுத்தைக் கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தால் ‘பியர்’. ‘பார்த்துக்கொள்ளுங்கள்’ என்பதில் பார்வையே இல்லை, பொறுப்பு மட்டுமே இருக்கிறது. ‘டேக் கேர் ஆஃப்’. ‘கண்ணோட்டம்’ என்ற சொல்லை ‘கிளான்ஸ்’ என்று ஆக்கிவிடாதீர்கள். குறளில் அது இரக்கம், இன்றைய வழக்கில் அது கருத்துநிலை. கண் ஓடுவதாகத் தெரிந்தாலும் இரண்டிலும் ஓடவில்லை.

போன மாதம் தம்பி கேட்டார், “அப்படியென்றால் ‘கிளான்ஸு’க்குத் தமிழில் ஒரு சொல் கிடையாதா அக்கா?” ஏரிக்கரைப் பக்கம்தான் நின்றுகொண்டிருந்தோம். காமத்துப்பாலில் வரும் குறிப்பறிதல் அதிகாரத்தில் இரண்டாவது குறளைச் சொல்லச் சொன்னேன். பள்ளியில் படித்தது, தட்டுத் தடுமாறி வந்தது: ‘கண்களவு கொள்ளும் சிறுநோக்கம்.’ அவள் களவாகப் பார்க்கும் அந்தச் சிறு பார்வை காதலில் சரிபாதி அன்று, அதைவிடப் பெரிது என்பது பொருள். சிறுநோக்கம் என்ற சொல்லும் அங்கே இருக்கிறது. பார்வையைத் திருடுவது என்று ஆங்கிலம் சொல்வதும் அங்கே இருக்கிறது.

“ஆங்கிலத்தில் எழுதிக் காட்டு” என்றேன். கைப்பேசியில் தட்டி நீட்டினார். ‘ஷி ஸ்டோல் எ கிளான்ஸ் மீ.’

“அட்,” என்றேன்.